காற்றில்லாத நாளின் புள்ளிகள்

சென்ற மாதம் நிலையத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலோரக் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் அந்தக் கண்காணிப்பு நிலையத்தில்தான் நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். புதிய ரேடார் கோபுரம் திறக்கப்போகிறார்களாம். விழா மலர் போடுகிறார்களாம். பழைய ஆள் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். கலகலப்பாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். காப்பி குடித்துவிட்டு, என் பழைய போட்டோ ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எழுத உட்கார்ந்தால் கலகலப்பாக ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான். மலரில் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் போகட்டும், எழுதி வைத்தால் எனக்காவது ஆகும்.

நான் கடல்காரன் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டில் பிறந்தவன். பதினெட்டு வயது வரை நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் நிறையும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, நான்கு வருடம் காத்திருந்து, ஒருநாள் கடிதம் வந்தது. ராணுவத்தானாக இல்லை, சீருடை இல்லாத சிவிலியன் ஊழியனாக. பதவியின் பெயர் கண்காணிப்புப் பதிவாளர். வடக்கே எங்கோ ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கரிய கண்ணாடித் திரையில் ஒரு பச்சைக்கோடு சுற்றிச் சுற்றி வரும், அது தொட்டுவிட்டுப் போகும் இடத்தில் ஒரு புள்ளி மின்னினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். ரொட்டி தின்று வயிறு கெட்டதும் இதைப் படித்ததும்தான் அந்த ஆறு மாதத்தில் நினைவிருப்பவை.

நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது பொறுப்பதிகாரியாக இருந்தவர் தேவசகாயம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெலிந்த, உயரமான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பதிவேட்டைப் படிக்கும்போது பென்சிலின் பின்பக்கத்தை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து நகர்த்துவார். பென்சில் நின்றால் அங்கே தப்பு என்று பொருள். திட்டமாட்டார். அந்த வரியை நாமே வாய்விட்டுப் படிக்கவேண்டும். படித்து முடிப்பதற்குள் தப்பு நமக்கே தெரிந்துவிடும். நல்ல வாத்தியார் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு கால் மணிக்கும் திரையில் தெரியும் புள்ளிகளின் திசை, தூரம், போகும் வேகம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும். பிறகு மாடியில் உள்ள தொலைநோக்கி வழியாகப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்ததை எதிர்ப்பக்கம் எழுதவேண்டும். இரண்டையும் ஒத்துப் பார்த்தால், இது விசைப்படகு, இது சரக்குத் தோணி என்று பெரும்பாலும் அடையாளம் கிடைத்துவிடும். கிடைக்காததற்கு "அடையாளம் இல்லை" என்று எழுதி, ரோந்துப் படகுக்குச் சொல்லவேண்டும். துறையில் ஒரே ஒரு ரோந்துப் படகு நின்றது. அதன் சுக்கானி மண்டபத்துக்காரர், சேகு அண்ணன்.

முதல் வருடம் சித்திரையில்தான் நான் அதைப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி. காற்று செத்துக் கிடந்தது. கருவேல இலைகூட அசையவில்லை. தென்கிழக்கில் பதினொரு புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. மாடிக்கு ஓடித் தொலைநோக்கியில் பார்த்தேன். தகடு போட்டதுபோல் கடல் வெறுமையாகக் கிடந்தது. கீழே ஓடிவந்தேன். புள்ளிகள் இன்னும் கிட்டே வந்திருந்தன. உடனே பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டேன்.

தேவசகாயம் சார் வந்து பார்த்தார். கண்ணால் அடையாளம் காணும் ஆளாக என்னையும் படகில் ஏறச்சொன்னார். முக்கால் மணி நேரம் ஓடி அந்த இடத்துக்குப் போனோம். ஒன்றுமில்லை. நிலையத்திலிருந்து வயர்லெஸ்ஸில், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார்கள். போனோம். இன்னும் கொஞ்சம் என்றார்கள். பிறகு, "இப்போது நீங்கள் அவற்றுக்கு நடுவில் இருக்கிறீர்கள்," என்றார்கள். சேகு அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வது? அலை இல்லை, பறவை இல்லை. படகின் நிழல் கீழே தண்ணீருக்குள் நேராக இறங்கிக் கிடந்தது. எங்களைச் சுற்றிப் பதினொரு படகுகள் நிற்கின்றன என்று வயர்லெஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. கூட வந்த காவலர் ஒருவர் எதற்கென்று தெரியாமலே துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ என் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்து நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். சேகு அண்ணன் மட்டும் பீடி பற்றவைத்தார்.

"பயப்படாதய்யா. கருவி பொய் சொல்லல," என்றார். "காத்து செத்துக் கெடந்தா கடலுக்கு இது ஒரு கொணம். எங்கயோ கெடக்குறதக் கொண்டாந்து இங்கன காட்டும். எங்க ஆளுக இந்த மாதிரி நாள்ல கடலுக்குப் போகமாட்டாக."

"பேயா அண்ணே?"

"பேய் என்ன பேயி. காத்து திரும்பப் போகுதுன்னு அர்த்தம். கச்சான் ஒரே அடியா விழும். எஞ்சினப் போடுறேன், போவோம்."

நாங்கள் கரையைத் தொடுவதற்குள் தென்மேற்கிலிருந்து அந்தக் கச்சான் காற்று எழுந்துவிட்டது. திரையில் பதினொன்றும் ஒரே சுற்றில் அணைந்துபோயின என்று பணியில் இருந்தவர் சொன்னார்.

இதற்கான விளக்கத்தைப் பல வருடம் கழித்து ஒரு தொழில்நுட்ப ஆள் எனக்குச் சொன்னார். நிலத்தின் வெக்கை கடல்மேல் வந்து படுத்துக்கொண்டால், ரேடார் அலை மேலே போகாமல் கடலோடு ஊர்ந்து வெகுதூரம் போய்விடும். எங்கோ இருக்கும் கரையிலோ கப்பலிலோ மோதித் தாமதமாகத் திரும்பும். அந்தப் பிந்திவந்த எதிரொலியைக் கருவி பக்கத்தில் இருப்பதாகக் காட்டிவிடும். சேகு அண்ணன் படிக்காமலே சொன்னதும் அதுதான்.

அன்று கரை திரும்பியதும் நான் பதிவேட்டில் அன்றைய வரிக்கு எதிரே, "காற்று இல்லை, நேரில் போனதில் படகு எதுவும் இல்லை" என்று குறிப்பு எழுதினேன். மறுநாள் தேவசகாயம் சாரின் பென்சில் அங்கே நின்றது. நேரில் போனது ரோந்துப் படகின் பதிவேட்டுக்குரியது, காற்று வானிலைக்காரர்களுக்குரியது, இங்கே திரையில் கண்டதை மட்டும் எழுது என்றார். "கண்டதை எழுதுப்பா. கருதினதை எழுதாதே." ஒழுங்கான பேச்சுதான். குறிப்பை அடித்துவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரையில் புள்ளிகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் "அடையாளம் இல்லை" என்று மட்டும் என் கையால் எழுதினேன்.

எண்பதுகளில் அக்கரையில் சண்டை மூண்டது. மண்டபம் முகாமில் ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். உண்மையான படகுகளும் உண்மையான துயரமும் கரைக்கு வந்த காலம் அது. மேலிடத்துக்கு எங்கள் நிலையம் இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரிய பெரிய ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் பழைய பதிவேடுகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

தேவசகாயம் சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். மாலை போட்டு, படம் பிடித்து அனுப்பினோம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஒருநாள் நிலைய வாசலில் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. ரேடார் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு ஆலோசகராம். புதிய பொறுப்பதிகாரி அவரிடம் பாடம் படித்தவர். எழுந்து நின்று தன் நாற்காலியையே கொடுத்தார்.

தேவசகாயம் சார் மேசைமேல் வைத்த பளபளப்பான புத்தகத்தை என்னிடமும் காட்டினார். "இராமநாதபுரம் கடலோரத்தின் கண்காணிப்புத் தேவை" என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. உள்ளே புரட்டினேன். அடையாளம் தெரியாத படகுகளின் பட்டியல், வருடவாரியாக. அத்தனையும் மேலிடம் மூட்டை கட்டிப்போன பதிவேடுகளில் இருந்த என் புள்ளிகள். காற்றில்லாத நாட்களின் அந்த ஊர்வலம் முழுக்க அச்சில் ஏறி அங்கே வரிசையாக நின்றது. ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. ஒருநாள் அசதியில் தென்கிழக்கு என்று எழுதவேண்டிய இடத்தில் வடமேற்கு என்று எழுதி, மறுநாள் தனித்தாளில் திருத்தம் கொடுத்திருந்தேன். திருத்தம் வராமல் தப்பு மட்டும் வந்திருந்தது. எங்கள் நிலையத்துக்கு வடமேற்கே இருப்பது கடல் இல்லை, உச்சிப்புளித் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளிருந்து நான்கு படகுகள் வந்ததாகக் கம்பெனிப் புத்தகம் சொன்னது.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நீடிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து தலைமையகத்திலிருந்து ரகசிய முத்திரையோடு ஓர் ஆவணம் வந்தது. எங்கள் கரைக்கு எந்த மாதிரியான ரேடார் வேண்டும் என்று அரசாங்கமே முடிவுசெய்து அனுப்பிய தேவைப் பட்டியல் அது. அதிலும் தென்னந்தோப்புக்குள்ளிருந்து நான்கு படகுகள் வந்தன.

அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தியபோது இருந்ததுபோலவே, யாரோ என் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. இல்லாத படகுகள் என் பேனாவிலிருந்து புறப்பட்டு, கம்பெனிக்குப் போய், தலைமையகத்துக்குப் போய், அரசாங்கத்தின் குரலில் எனக்கே உத்தரவாகத் திரும்பி வந்திருந்தன. கருவியின் உயரம், திரையின் அகலம், அலையின் அளவு எல்லாம் அந்தக் கம்பெனியின் கருவிக்கு அச்சாகப் பொருந்தின. மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டு அவனுக்கேற்ற மாதிரி பெண்ணுக்கு ஜாதகம் எழுதியிருந்தார்கள். நிலையத்தைச் சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கத் தடை என்ற உத்தரவும் அதே தாளின் வாலில் வந்தது. அத்தனை படகு வருகிற கடல் அல்லவா!

அடுத்தமுறை தேவசகாயம் சார் வந்தபோது கேட்டுவிட்டேன். "சார், அது காத்தில்லாத நாள்ல மட்டுந்தான வரும். உங்களுக்குத் தெரியுமே."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். ஆனா அது பதிவேட்டுல இருக்கா?" என்றார். பிறகு, பழைய கருவி தப்பாகக் காட்டுகிறது என்பதே புதியது வாங்க இன்னொரு காரணம்தானே என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது ஆகப்போகிறது, இரண்டு பெண் பிள்ளைகள், மேற்கொண்டு வாதாடவில்லை.

கருவி ஒரு பிப்ரவரியில் வந்து இறங்கியது. மார்ச் முடிவதற்குள் ஏற்றுக்கொண்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று மேலிடம் துடித்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இதே மார்ச்சில்தான் ரோந்துப் படகின் எஞ்சின் பழுதுக்கு எங்கள் பொறுப்பதிகாரி எழுதிய விண்ணப்பம், புதிய கருவி வருவதால் ரோந்து குறையும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. படகைக் கரையேற்றிச் சவுக்கு மரத்தடியில் கவிழ்த்தார்கள். சேகு அண்ணனை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

ஏற்புச் சோதனை எப்படி நடக்கவேண்டும் என்ற விதிமுறைப் புத்தகத்தையும் கம்பெனிதான் அச்சடித்துக் கொடுத்தது. வேலிக்கு ஓணான் சாட்சி. ஒரு மர வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, குறித்த தூரங்களில் நிறுத்தி, திரையில் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். சோதனைக் காலையில் துறைக்குப் போனேன். வள்ளத்தின் பாய்மரத்தில் மூன்று தகரத் தகடுகளைப் பூப்போல் மடித்து உயரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடார் அலை மரத்தில் பட்டால் சரியாகத் திரும்பாது, தகரத்தில் பட்டால் பளிச்சென்று திரும்பும். இது எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டேன். "நிலையான இலக்கு" என்று புத்தகத்தில் பக்கம் காட்டினார் கம்பெனி ஆள். எந்த வள்ளக்காரன் தகரம் கட்டிக்கொண்டு மீன்பிடிக்கப் போகிறான் என்று பொறுப்பதிகாரியிடம் முணுமுணுத்தேன். புத்தகப்படி நடந்ததா, அதை மட்டும் எழுதுங்கள் என்றார்.

புத்தகப்படிதான் நடந்தது. எல்லாத் தூரத்திலும் வள்ளம் தெரிந்தது. அன்று காற்று இல்லை, ஆனால் பழைய ஊர்வலமும் இல்லை. பொய்யான எதிரொலிகளைப் புதிய கருவி சல்லடை போல் சலித்து எறிந்துவிடும் என்றார்கள். திரை கழுவிவிட்ட தரைபோல் சுத்தமாக இருந்தது. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் பிரியாணி வந்தது. நானும் சாப்பிட்டேன்.

புதிய கருவியோடு புதிய வழக்கமும் வந்தது. பதிவை இனிக் கருவியே அச்சடித்துக்கொள்ளும். தொலைநோக்கிப் பக்கம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இரண்டு பதிவு இருந்தால் முரண்பாடு வருமாம். தொலைநோக்கி மாடியிலேயே இருந்தது. பழக்க தோஷத்தால் நான் மட்டும் போய்ப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்ப்பக்கம் தொடர்ந்து மழை பொய்த்தது. மிளகாய்ச் செடி பூவிலேயே கருகியது. வேலுச்சாமி என்று ஓர் ஊர்க்காரன், எனக்கு மச்சினன் முறை, வேலை தேடிக் கடலோரம் வந்தான். குடும்பத்தைக் கூட்டிவந்து உச்சிப்புளியில் குடிசை போட்டான். பாம்பன் வியாபாரி ஒருவரின் பழைய வள்ளத்தை வாடகைக்கு எடுத்து, கரையோரத்தில் நண்டுவலை போட்டுப் பழகிக்கொண்டான். மீனவர் சங்கத்தில் அவன் பெயர் கிடையாது. கடலுக்குப் போகச் சங்கம் கொடுக்கும் டோக்கனும் கிடையாது. அவன் சம்சாரிதானே.

அது ஒரு சித்திரை மதியம். காற்று செத்துக் கிடந்தது. பாம்பன் ஆட்கள் ஒருவரும் கடலில் இல்லை. பிறகு அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் சொல்லித்தான் தெரியும், கிளம்பும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "கடலு நம்ம கண்மா கணக்காக் கெடக்கு. ஒத்தையிலயே போய்ட்டு வந்துருவேன்." சம்சாரிக்கு அசையாத தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். கடல்காரனுக்கு அது அப்படி இல்லை.

நான் பணியில் இருந்தேன். திரை வெறுமையாக இருந்தது. மாடிக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்த்தேன். தடை செய்த கடலுக்குள், எதிரே இருக்கும் சிறு தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு வள்ளம் நின்றது. ஓர் ஆள் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான். நீலக் கோடு போட்ட துண்டைத் தலையில் கட்டியிருந்தான். கீழே வந்தேன். திரையில் அங்கே ஒன்றுமில்லை. மறுபடி மேலே போனேன். அவன் இருந்தான். மறுபடி கீழே வந்தேன். அவன் இல்லை. முதல் வருடம் பதினொரு படகுகளுக்கு நடுவே, ஒன்றையும் காணாமல் நின்றபோது இருந்த பயத்தைவிட இது பெரிய பயம். உயிரோடு ஒருவன் மூச்சு வாங்கி வேலை செய்கிறான், கருவி அவனைச் சலித்து எறிந்துவிட்டது.

என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. எழுத இடம் இல்லை, அனுப்பப் படகு இல்லை. கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். சேகு அண்ணன் சொன்னது எனக்குத் தெரியும், தெரிந்தும் நானும் அந்த நேரத்தில் கண்மாய்க்காரனாகவே இருந்துவிட்டேன். இருபது நிமிடத்தில் கச்சான் விழுந்தது. மாடி ஜன்னல் படாரென்று அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கடல் முழுக்க வெள்ளை நுரை. தண்ணீருக்குமேல் ஒரு கை கொஞ்ச நேரம் தெரிந்தது என்று நினைக்கிறேன். சத்தியமாகச் சொல்லமுடியவில்லை. திரை அப்போதும் சுத்தமாகவே இருந்தது.

உடல் கிடைக்கவில்லை. தடை செய்த கடலுக்குள் வள்ளத்தை விட்டால் வழக்கு வரும் என்று பயந்து, என் வள்ளம் எதுவும் அன்று போகவில்லை என்றார் வியாபாரி. சங்கத்தில் பெயர் இல்லை. போலீஸ் எங்கள் நிலையத்தைக் கேட்டது. கருவியின் அச்சுப்பதிவை நாங்கள் கொடுத்தோம். அன்று அந்தக் கடலில் படகே இல்லை. எனவே வேலுச்சாமி கடலுக்குப் போகவில்லை. எனவே சாகவும் இல்லை. வீட்டைவிட்டு ஓடிப்போனவன் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு வருடம் காத்திருந்தால் சட்டப்படி இறந்தவனாகக் கருதுவார்களாம்.

பஞ்சவர்ணம் தினமும் நிலைய வாசலுக்கு வந்தாள். கழுத்தில் தாலி இருந்தது, அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று சொல்ல ஆளில்லை. ஊரில் இருந்த இரண்டு குறுக்க நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், அவன் பெயரில். அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. புருசன் எவளோடோ ஓடிவிட்டான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் அவளை உயிரோடு கொன்றது. ஒருநாள் நான் பணி முடிந்து வெளியே வந்தபோது வழிமறித்தாள்.

"அண்ணே, ஒங்க மிசினு கடல்ல எல்லாத்தையும் பாக்கும்ன்றாக. எங்க வீட்டு ஆள மட்டும் பாக்கலையா?"

நான் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன்.

"அவரு செத்தாருன்னாவது சொல்லுங்கண்ணே. ஓடிப்போனாருன்னு சொல்லாதீக. நீலத் துண்டு கட்டிப் போனாரு."

மறுநாள் பொறுப்பதிகாரியிடம், நான் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். பார்த்தும் பதியவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக ஆகும், வேலை போகும், ஓய்வூதியம் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏற்புச் சோதனையில உங்க கையெழுத்தும் இருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க," என்றார். மூன்று நாள் யோசித்தேன். மூன்று நாளும் அவள் வாசலில் நின்றாள். நான்காம் நாள் ஒரு பக்கம் எழுதி, தாசில்தாருக்கு ஒரு பிரதியும் தலைமையகத்துக்கு ஒரு பிரதியும் அனுப்பினேன். வள்ளம், இடம், நேரம், நீலத் துண்டு, வெற்றுத்திரை, சோதனையில் கட்டிய தகரம், ஒன்றையும் விடவில்லை.

தாசில்தார் நல்ல மனிதர். என் தாளை வைத்தே விசாரணை நடத்தி, கடலில் இறந்தான் என்று சான்று கொடுக்க வழி செய்தார். பஞ்சவர்ணம் ஊருக்குப் போய்க் காரியம் செய்தாள். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பிறகு எனக்கு வரவேண்டிய தண்டனைக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு தபாலையும் நானே முதலில் பிரித்துப் பார்த்தேன். வரவில்லை. ஒரு குழு வந்தது. என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். துணிச்சலான அறிக்கை என்றார்கள். இன்னும் விவரமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்கள். ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஒரு கேள்வியும் இல்லை, ஒரு கண்டிப்பும் இல்லை. இத்தனை அன்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வருடம் என் ஓய்வு நாளில் புரிந்தது. பிரிவுபசாரத்துக்குத் தேவசகாயம் சார் வந்திருந்தார். எண்பது வயது நெருங்குகிறது, கைத்தடி, ஆனால் அதே மெல்லிய குரல். பொன்னாடை போர்த்திவிட்டு, ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கையில் வைத்தார். அதே கம்பெனி. இப்போது எழும் புதிய கோபுரத்துக்கான தேவை அறிக்கை. முதல் பக்கத்திலேயே என் தாள், ஆங்கிலத்தில். இப்போதைய கருவியால் சிறு மரப்படகுகளைக் காணமுடியவில்லை என்பதற்கு நிலையத்தின் மூத்த ஊழியரே சாட்சி.

"உன்னுடைய அந்த ஒரு பக்கம்தான்பா எல்லாத்தையும் அசைச்சது," என்றார். உண்மையாகவே பெருமைப்பட்டுச் சொன்னார்.

வரிவரியாகப் படித்தேன். தகரத்தைக் காணோம். வேலுச்சாமியின் பெயர் இல்லை, "ஒரு சிறு படகு" என்று இருந்தது. கடைசி வரியும் இல்லை. படகுத்துறையில் ஓடும் நிலையில் ஒரு படகும் ஒரு சுக்கானியும் இருந்திருந்தால், கண்ணில் பட்ட அந்த ஆளைக் காற்று விழுமுன் கரைசேர்த்திருக்கலாம், படகுக்கு ஓர் எஞ்சின் வாங்கித் தரவும் என்று அதை முடித்திருந்தேன். அது எங்கே சார் என்று கேட்டேன்.

"அது சின்ன விஷயம்பா. அதுக்கெல்லாம் அறிக்கை போடமாட்டாங்க."

ஊருக்குப் போனபோது பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மிசின் வந்திருப்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. சின்ன வள்ளத்தில் ஒத்தை ஆள் போனாலும் அதில் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், இதில் தெரியும் என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவள் மிளகாயைத் துழாவிவிட்டாள்.

"தெரிஞ்சா, போயித் தூக்கியாரதுக்கு அங்கன யாருண்ணே இருக்கா?"

"யாரும் இல்ல தாயி," என்றேன்.